சட்டிக்குப் பார்த்த வைத்தியம்

கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை என்றால் டோக்கன் கொடுப்பது கால்வாசி. மீதியெல்லாம் டாக்டர் சொன்னதை மனிதருக்குப் புரிகிற மாதிரியும், மனிதர் சொன்னதை டாக்டர் கோபித்துக்கொள்ளாத மாதிரியும் சொல்வதுதான். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் படிப்பையும் கடைத்தெருவில் பொறுக்கிய இந்தியையும் வைத்துக்கொண்டு, ஓமான் நாட்டுச் சோஹாரில் துறைமுகம் வளர்ந்துகொண்டிருந்த வருஷங்களில் இந்த வேலையில் சேர்ந்தேன். கைக்குழந்தை கவுண்டருக்குக் கீழே தூங்குவாள். ஏசி சத்தம்தான் அவளுக்குத் தாலாட்டு. பாதி நேரம் எனக்கும்தான்.

சுவர் ஓரம்

எங்கள் கிளினிக்கில் சர்க்கரைக்காரர்களுக்கென்று ஒரு நலத்திட்டம் ஆரம்பித்தார்கள். சாயங்காலமானால் கடல் ஈரம் ஏறி, கண்ணாடிக் கதவு முழுக்க வேர்த்துப் புகை படிந்த மாதிரி வெளுத்துவிடும். அந்த வெண்புகைக்குள்ளிருந்து துறைமுக வேலைக்கு வந்த நீல உடுப்புக்காரர்கள் ஒவ்வொருவராக முளைத்து வருவார்கள். கண் சொக்கிக்கொண்டு பார்த்தால் கனவில் வருகிறவர்கள் மாதிரியே இருக்கும். வெள்ளைக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் மெத்தை நாற்காலியில். தொழிலாளர் கேம்பில் தங்கியிருக்கிற இந்தக் கேம்ப்காரர்கள் எவ்வளவு முன்னால் டோக்கன் வாங்கினாலும் சுவர் ஓரம். அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆரோக்கியசாமி அண்ணன் ராமநாதபுரம் பக்கம். கிரேனுக்குக் கீழே சங்கிலி மாட்டுகிறவர். காலில் ஆறாத புண். சர்க்கரை இறங்கினால்தான் புண் ஆறும். விசா புதுப்பிக்கிறதுக்கான மெடிக்கல் பரிசோதனைக்குள் ஆறாவிட்டால் கம்பெனி ஊருக்கு அனுப்பிவிடும். காலியாயிருந்த மெத்தை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் சொன்னார்: "வேணாம் தங்கச்சி, அதுல உக்காந்தா யாராச்சும் வந்து எந்திரிம்பாங்க. செவுரு அப்படிச் சொல்லாது."

தலையாட்டல்

டாக்டரம்மா பம்பாய்க்காரர், நல்லவர், அவசரக்காரர். "சோற்றைக் குறை, காய்கறியைக் கூட்டு, உருளைக்கிழங்கு கூடாது" என்று இந்தியில் சொல்வார். நான் தமிழில் சொல்வேன். அண்ணன் தலையாட்டுவார். மாத்திரை விழுங்கியும் அடுத்த முறை சர்க்கரை அதே உயரத்தில் நிற்கும். ஒருநாள் டாக்டரம்மா பொறுமையிழந்து, "இந்த கேம்ப் ஆட்களுக்கு என்ன சொன்னாலும் ஏறாது" என்றார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. நான் சொல்லாமலே அது அண்ணன் முகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நர்ஸ் கட்டு மாற்றும்போது, "ஏண்ணே, நாக்கு கேக்க மாட்டேங்குதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். கேம்ப் ரூமில் எல்லாருக்கும் பொதுச் சமையல், மெஸ்ஸாம். வங்காளி ரஃபீக் பாய் சமையல். தமிழன், தெலுங்கன், வங்காளி எல்லாருக்கும் ஒரே சட்டி. தனிச் சட்டி வைக்க அடுப்பு காலியாகாது. "எனக்கு மட்டும் டாக்டரம்மா வந்து கெழங்கைப் பொறுக்கிப் போடுவாங்களா? எனக்காக எல்லாரும் பத்தியம் இருங்கன்னு நான் எந்த வாயால கேக்குறது?"

வெள்ளிக்கிழமை

"மேடம், வைத்தியத்தை அண்ணனுக்குப் பாக்காதீங்க, அவங்க ரூமுக்குப் பாருங்க" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். டீ நான் போடுவதாகவும் சேர்த்துச் சொன்னதால் ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ரூமே வந்தது. குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், அத்தர் வாசத்தோடு. எல்லாரையும் மெத்தை நாற்காலிகளில் உட்கார வைத்தேன்.

டாக்டரம்மா உருளைக்கிழங்கில் ஆரம்பித்தார். அவ்வளவுதான், பஞ்சாயத்து பிடித்துக்கொண்டது. மீன் இருக்கட்டும், சோற்றுச் சட்டி சின்னதாகட்டும், பருப்புச் சட்டி பெரிதாகட்டும், ஊறுகாயை மட்டும் தொடாதே என்று மூன்று பாஷையில் பேச்சு ஏறி இறங்கியது. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் குழந்தையின் சூடு. ஜன்னலில் தேன் நிறத்தில் வெயில். அலைமேல் படகில் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்குத் தலை மெல்ல ஆடியது. அப்போதுதான் பேச்சோடு பேச்சாக அண்ணனின் விசா விஷயம் வெளியே வந்தது. அண்ணன் ரூமில் அதைச் சொல்லவேயில்லை. ரஃபீக் பாய் எழுந்து தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினார்: "அரே சாமி, முன்னாடி சொல்றதுக்கு என்ன? உன்னை ஊருக்கு அனுப்புறதுக்குப் பதிலா, உருளைக்கெழங்கை அனுப்பிடலாம். கலாஸ், முடிஞ்சது!"

ஒரு மெஷின்

வீட்டிலேயே விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷினைத் திட்டத்தில் இலவசமாகத் தந்துகொண்டிருந்தார்கள், ஆபீஸ்காரர்களுக்கு மட்டும். சட்டி மாறியதும் ரூம்காரர்கள் தங்களுக்கும் ஒன்று கேட்டு வந்தார்கள். கிளினிக் மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். கேம்பில் கொடுத்தால் யார் பொறுப்பு, காணாமல் போனால் யாரைக் கேட்பது என்றார். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் ரஃபீக் பாய் முந்திக்கொண்டார்: "சார், ஆபீஸ்காரர் வீட்டுல அதைப் பார்த்துக்க ஒரு ஆள். எங்க ரூம்ல தூங்குறவனைத் தவிர எல்லாரும் பார்த்துக்கிட்டே இருப்போம்."

மெடிக்கல்

மெஷின் கிடைத்தது. சர்க்கரை மெல்ல இறங்கியது. புண்ணின் ஓரம் ரோஜா நிறமாகி, பிறகு மூடிக்கொண்டது. மெடிக்கல் முடிவு வந்த அன்று காலையிலேயே மூடுபனி, தெருவே இல்லை. பனிக்குள்ளிருந்து முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது, அப்புறம்தான் ஆட்கள் வந்தார்கள். "பாஸாயிட்டீங்களாண்ணே?" என்று கத்தினேன். ஆரோக்கியசாமி அண்ணன் பின்னால் வந்தவர்களைக் கை காட்டினார்: "நான் எங்கே பாஸானேன்? ரூமு பாஸாயிருக்கு தங்கச்சி!"

பிறகு திட்டத்தின் வெற்றியைச் சொல்லிச் சுவரில் பெரிய படம் ஒன்று மாட்டினார்கள். அதில் காய்கறிகளெல்லாம் பளபளவென்று இருந்தன, சமைத்துச் சாப்பிட்டவர்களைத்தான் காணோம்.