சுண்ணாம்புக் கோட்டு வீடு

துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம், எங்கள் வீட்டையும் வளவையும் பட்டாளத்துக்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டார்கள். நானும் கணவரும் அவருடைய அக்கா வீட்டில் ஒற்றை அறைக்குள் ஒடுங்கினோம். எனக்கு வயிற்றில் ஏழு மாதம். சல்லிக் கிராமத்துக்குப் போகும் பாதையோரம் சீதனக் காணித்துண்டு ஒன்று இருந்தது. மாரிமழைக்கு முன் அதில் ஒரு சின்ன வீடு எழும்பாவிட்டால் பிள்ளையை எங்கே கிடத்துவது என்பதுதான் என் கவலை.

முன்பென்றால் நல்ல நாள் பார்த்துக் கல் வைத்துவிட்டுக் கட்டத் தொடங்கலாம். யுத்தகாலத்தில் அது நடக்காது. பட்டினசபைக் கந்தோரில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் வந்து காணியைப் பார்த்துச் சரியென்று எழுதினால்தான் பெர்மிட். கந்தோருக்கு நடையாய் நடந்தோம். கடைசியில் ஓவசியர் மனம் இரங்கினார்.

“புதன்கிழமை வாறன். வீடு எங்க வருமெண்டு நிலத்தில கோடு போட்டு வையுங்கோ. பாத்திட்டு உடன எழுதித் தாறன்.”

புதன்கிழமை காலை மேசன் வந்து முளை அடித்து, நூல் கட்டி, நூலோடு சுண்ணாம்புத் தூள் தூவினார். விறாந்தை, இரண்டு அறை, குசினி. காய்ந்து கிடந்த தரையில் வீடு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. கோடு விழுந்தால் அது சுவர் என்பது அந்த மேசனின் கட்டளை. வீட்டுக்காரர் அதைக் கடக்கக்கூடாது. வாசலுக்கென்று விட்ட இடைவெளியால்தான் போய்வர வேண்டும். நானும் அப்படியே நுழைந்து குசினியில் நின்று, அடுப்பு எங்கே வைப்பதென்று யோசித்தேன். அன்று காலை எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அப்போதுதான் இரைச்சல் கேட்டது. குண்டு விழுந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே பதுங்க இடம் தேடுவேன். விமானம் எங்களுக்கு மேலே பதிந்து வந்தது, திரும்பியது, மறுபடியும் வந்தது. நான் குசினிக்குள்ளேயே குந்தி வயிற்றைக் கைகளால் மூடிக்கொண்டேன். கோட்டால் ஆன குசினி யாரைக் காப்பாற்றும்?

“பயப்பிடாத, எங்கட பிளேன்தான்,” என்றார் கணவர். எங்கட பிளேன் எங்களை ஏன் சுற்றுகிறது?

சற்று நேரத்தில் ஒரு லொறி வந்து நின்றது. துவக்குகளோடு சிப்பாய்கள், ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பேச்சை மொழிபெயர்க்கத் தமிழ்ப் பொலிஸ் கொஸ்தாப்பு ஒருவர். அதே நேரம் பாதை வளைவில் ஓவசியரின் சைக்கிளும் தெரிந்தது. லொறியைக் கண்டதும் மனுசன் இறங்கி, சைக்கிளைத் திருப்பி, ஏறி மிதித்துப் போயே போய்விட்டார். நான் வாயில் வந்தபடியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டினேன்.

பாதையோரம் நின்ற என் கணவரை இரண்டு சிப்பாய்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“மேல இருந்து பாக்கத் தெரியிற மாதிரி வெள்ளையில அடையாளம் போட்டிருக்கிறியள். ஜப்பான்காரனுக்கு வழி காட்டவோ எண்டு துரை கேக்கிறார்,” என்றார் கொஸ்தாப்பு.

“வீடு, ஐயா. வீட்டுக்குக் கோடு போட்டனாங்கள்,” என்றார் கணவர்.

“பெர்மிட் இருக்கோ?”

“அது எடுக்கத்தான் ஐயா இந்தக் கோடு.”

அதிகாரி நம்பவில்லை. கணவரை லொறிப் பக்கம் இழுத்தார்கள். ஒற்றன் என்று பிடித்துப் போன ஆட்கள் திரும்பி வருவதில்லை என்று ஊரில் கதை. இவர் இல்லாமல் எனக்கு வீடு எதற்கு? நான் ஓடினேன். நேரே போனால் பத்தடி தூரம். ஆனால் என் கால்கள் குசினி வாசலால் அறைக்குள் போய், அறை வாசலால் விறாந்தைக்கு வந்து, படிக்கு விட்ட இடைவெளியால்தான் வெளியேறின. குசினி வாசல் ஒடுக்கம். கோடு அழியாமல் வயிற்றைப் பக்கவாட்டில் திருப்பிக்கூட நடந்திருக்கிறேன். அப்போது அது எனக்கே தெரியாது.

அதிகாரி கையை உயர்த்திச் சிப்பாய்களை நிறுத்தினார். ஏதோ சொன்னார்.

“திரும்பவும் நடந்து காட்டட்டாம், தங்கச்சி,” என்றார் கொஸ்தாப்பு.

படிக்கு விட்ட இடைவெளியால் உள்ளே நடந்தேன். “இது விறாந்தை. இது பிள்ளை பெறுற அறை. இது குசினி, அடுப்பு இஞ்ச.” ஒடுக்க வாசலில் மறுபடியும் பக்கவாட்டில் திரும்பினேன். ஒரு கோட்டையும் மிதிக்காத என் கால்களையே அதிகாரி பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிப்பாய்களிடம் தலையசைத்தார். அவர்கள் கணவரை விட்டார்கள். ஆனால் கோடுகளை உடனே அழிக்க வேண்டுமாம். அவர்களே சப்பாத்துக் காலால் தேய்த்தார்கள். சுவருக்குள்ளால் நடந்தார்கள். உயிர் தப்பிய நேரத்திலும் அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த கிழமை கந்தோரில் ஓவசியர் பெர்மிட்டை என் முகம் பாராமல் நீட்டினார். “அண்டைக்குச் சைக்கிளுக்குக் காத்துப் போயிட்டுதோ ஐயா?” என்று கேட்டுத்தான் வாங்கினேன். வெளிச்சுவர் வெள்ளையாக இருக்கக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. கூரை ஏறிய பிறகுதான் மகள் பிறந்தாள்.

யுத்தம் முடிந்து முதல் பொங்கலுக்கு அயலெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். நானும் ஒரு சட்டியில் ஊறப் போட்டேன். வேலை முடிந்து வந்த கணவர் சட்டியைக் கண்டதும் முகம் வெளிறி வாசலிலேயே நின்றுவிட்டார்.

“யுத்தம் முடிஞ்சுதுதானே,” என்றேன்.

“பிளேன் இன்னும் பறக்குதுதானே,” என்றார்.

சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னையடியில் ஊற்றினேன். அவர் உயிரோடு இருந்த மட்டும் எங்கள் வீடு மண்ணிறம்தான்.