தமிழ் வீட்டுப் பை

இன்று காலை என் மனைவி பால் கவரின் மூலையை வெட்டியெடுக்காமல், ஒரு கீறல் மட்டும் போட்டுப் பாலை ஊற்றினாள். துண்டு தனியே விழுந்தால் சாக்கடைக்குத்தான் போகும் என்று நான் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். பிறகு கவரைக் கழுவித் துணிக்கொடியில் மாட்டினாள். காய்ந்ததும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், தொழில் புத்தி. ஒரு வாசனையும் இல்லை.

அதுதான், பிழைக்க வந்த இந்தத் தெலுங்கு ஊரில் நான் முதலில் வேலை பார்த்த லோத்குண்டா குப்பைக் கொட்டகையை ஞாபகப்படுத்தியது. அங்கே கழுவாத பால் கவர் புளித்து நாறும். சோற்றில் கை வைத்தால் சோறும் நாறும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, கல்யாணமான புதிதில் கிடைத்த வேலை, வீட்டுக் குப்பையைப் பிரிப்பது. அட்டை ஒரு பக்கம், தடித்த பிளாஸ்டிக் ஒரு பக்கம், பால் கவர் ஒரு பக்கம். உள்ளே வெள்ளி மாதிரி மின்னும் சிப்ஸ் கவரை யாரும் வாங்க மாட்டார்கள், அது தனி. எந்தப் பையையும் தரையில் கொட்டிக் குச்சியால் கிளறிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். எனக்கு எதிரே உட்கார்ந்து பிரிக்கும் யாதம்மா, குச்சி இல்லாமல் ஒரு தாளைக்கூடத் தொட மாட்டாள்.

நான் ஒரே ஒரு பைக்கு மட்டும் குச்சி எடுப்பதில்லை. அது பக்கத்துச் சைனிக்புரியில் ஏதோ ஒரு தமிழ் வீட்டிலிருந்து வரும். காபித்தூள் கவர், அப்பளக் கட்டின் தாள், தமிழ் வாரப்பத்திரிகை எல்லாம் இருக்கும். கொட்டகையில் தமிழ் பேச ஆளில்லை. அந்தப் பையைப் பிரித்தால் ஊர்க்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மைசூர்பாகு டப்பா ஒன்று செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி வரும். யாரோ யாருக்கோ தெரியாமல் தின்கிறார்கள் என்று சிரித்துக்கொள்வேன்.

அப்படிக் கை விட்ட ஒரு நாள், மருந்து ஏற்றும் ஊசி விரலில் குத்தியது.

"ஏமய்யா, மீவாள்ள சூதி குச்சுக்கோதா?" என்றாள் யாதம்மா. உங்கள் ஆட்களுடைய ஊசியென்றால் குத்தாதா என்று தெலுங்கில் கேலி. கேலி செய்துகொண்டே தண்ணீர் ஊற்றிச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள்.

மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். யார் போட்ட ஊசி என்று தெரிந்தால் நல்லது என்றார் டாக்டர். ஊசி போட்டுக்கொண்டவருக்கு என்ன நோயோ, அது என்னிடமிருந்து இவளுக்கும் குழந்தைக்கும்... அதற்கு மேல் நினைக்கத் துணிவில்லை. குப்பை அள்ளிவரும் வண்டிக்காரரிடம் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனேன். புது ஆளைப் பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. கேட்டைத் தாண்டித் தாண்டி மூன்று முறை நடந்தேன். திருடன் என்று நினைத்திருக்க வேண்டும், ஒரு பெரியவர் வெளியே வந்தார்.

"க்யா ஹோனா?" என்ன வேண்டும் என்று இந்தியில் கேட்டார்.

"ஐயா... ஊசி..." விரலை நீட்டினேன். குப்பை பிரிக்கிறவன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அடடா, அது என் ஊசிப்பா. சுகருக்குப் போட்டுக்கிறது. என்னைத் தவிர யாருக்கும் போட்டதில்ல. இரு, சட்டையப் போட்டுக்கிட்டு வரேன். என் ரத்தத்தையும் பாத்துடுவோம்."

அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். "எங்க வீட்டுப் பைன்னு எப்படிப்பா கண்டுபிடிச்ச?"

"காபித்தூள் கவர், அப்பளத் தாளு..." என்று தொடங்கினேன். அம்மாவுக்குப் பின்னால் நின்ற பெரியவர் என்னையே பார்த்தார். கண் கெஞ்சியது.

"அவ்வளவுதாம்மா" என்றேன்.

அவர் ரத்தத்தில் ஒன்றுமில்லை. என் ரத்தத்திலும் இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. அந்தப் பரிசோதனைத் தாளோடு வீட்டுக்கு வந்து, பிறந்து சில வாரமே ஆன மகளை முதல் முறையாகப் பயமில்லாமல் தூக்கினேன். அவள் என் சட்டையை நனைத்தாள். நானும் அழுதுகொண்டிருந்ததால் எது யாருடைய ஈரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. அங்கே அடுக்குமாடி வந்துவிட்டது. எல்லா வீட்டு உலர்குப்பையும் ஒரே டிரம்மில் கலந்து வருகிறது. ஊசியும் மருந்தும் தனிப் பெட்டியில். என் கையில் தடித்த கையுறை. எது யார் வீட்டுப் பொருள் என்று இன்று என்னால் சொல்ல முடியாது. யார் வீட்டையும் தேடிப் போக வேண்டிய அவசியமும் இல்லை.