ஐந்தாவது குழியில் நின்ற ஆட்டம்

கனடாவில் லவாலுக்கு வடக்கே உள்ள ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது வருடமாகப் புல் வெட்டுகிறேன். ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. வேலைக்காரர் அங்கே விளையாடுவதில்லை, நானும் கேட்டதில்லை. மனைவியின் அண்ணன் அன்ரன் ஸ்கொட்லாந்தில், கிளாஸ்கோவில் பஸ் ஓட்டுகிறார். இதைச் சொல்லியே தொலைபேசியில் கேலி செய்வார்.

"இஞ்சை பஸ் ஓட்டுறவன், மேசன் எல்லாரும் விளையாடுறாங்கள். ஒருக்கா வாரும் ஐசே!"

புல் வளர்ச்சி குறையும் ஒக்டோபரில்தான் எனக்கு விடுமுறை கிடைக்கும். 2006இல் நானும் மனைவி மெற்றில்டாவும் புறப்பட்டோம். மொன்றியலிலிருந்து லண்டன் வழியாகக் கிளாஸ்கோ, ஆளுக்கு 840 டொலர், காத்திருப்போடு பதினொரு மணி நேரம்.

மூன்றாம் நாள் மெற்றில்டா அண்ணியோடு வீட்டில் நின்றுவிட, நாங்கள் இருவரும் காலை ஏழரைக்குக் காரில் கிளம்பினோம். பிட்லொக்ரி வரை பெருந்தெரு. பிறகு பதினெட்டு மைல் ஒற்றைத் தெரு; எதிரே வாகனம் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும், ஒதுங்கியவருக்கு மற்றவர் கை காட்ட வேண்டும். பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மலைகளுக்கு நடுவே ஒன்பது குழிகள் கொண்ட பழைய மைதானம். ஒரு தகரக் கொட்டில்தான் கிளப். காசு வாங்க ஆளில்லை. சுவரில் ஒரு பெட்டி இருந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு பவுண் போட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதினோம். புல்லை வெட்டுவது யார் என்று தேடினேன். செம்மறியாடுகள்! பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள புல்லை மட்டும் ஆடு மேயாமல் கம்பி கட்டிப் பாதுகாத்திருந்தார்கள். உள்ளே போய் முழங்காலிட்டுத் தடவிப் பார்த்தேன். அவ்வளவு மெல்லிய, நெருங்கிய புல்லை எங்கள் மைதானத்தில் எத்தனை மருந்து அடித்தும் வளர்க்க முடிந்ததில்லை.

"புல்லைப் பாக்கவே பிளேன் ஏறி வந்தனீர்? அடியும்!" என்றார் மச்சான்.

என் முதல் பந்து ஓடைக்குள் போனது. மூன்றாவது குழியில் ஒன்று நேராகப் பறந்தது. இருவரும் சின்னப் பிள்ளைகள்போலக் கத்தினோம்.

ஐந்தாவது குழிக்கு ஒரு மேடு ஏற வேண்டும். பாதியில் மச்சான் புல்லில் இருந்துவிட்டார். குளிரிலும் முகமெல்லாம் வேர்வை.

"என்ன மச்சான்?"

"நெஞ்சுக்குள்ளை ஏதோ அமத்துது. இடது கையும் விறைக்குது."

கைபேசியில் சிக்னல் இல்லை. அடுத்த குழியில் இரண்டு பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். கையை வீசிக் கத்தினேன். மூத்தவர், ஐம்பது வயது இருக்கும், ஓடிவந்து மச்சானின் நாடியைப் பிடித்தார். தன் பெயர் மொய்ரா, தான் மிருக வைத்தியர், இப்போதைக்குத் தன்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டு, தன் பையிலிருந்த அஸ்பிரினைச் சப்பச் சொன்னார். அவருடைய தங்கையும் நானும் கொட்டிலிலிருந்த தொலைபேசிக்கு ஓடினோம், அறுநூறு மீற்றர் இருக்கும். நான் கனடாப் பழக்கத்தில் 911 என்று அழுத்தினேன். அந்தப் பெண் என் கையிலிருந்து வாங்கி, அங்கத்தைய அவசர எண்ணான 999 அழுத்தினார். அன்றைக்கு நான் தனியாக அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் முழுதாக நினைத்துப் பார்க்க மாட்டேன்.

அம்புலன்ஸ் வர இருபத்தெட்டு நிமிடம். அவ்வளவு நேரமும் மொய்ரா தன் கோட்டைக் கழற்றி மச்சானைப் போர்த்தி, அவர் கையை விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார். தங்கை ஆடுகளைக் கலைத்து வாகனத்துக்கு வழிவிட்டார். நான் செபம் சொல்லத் தொடங்கினேன், பாதியில் மறந்துபோனது. மச்சான்தான் மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

ஆசுப்பத்திரியில் அடைப்பை எடுத்தார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் கடினம் என்றார் டொக்டர். மெற்றில்டா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மச்சானின் கார் மலையிலேயே நின்றது. அதை எடுக்க ஐந்தாம் நாள் ரெயிலிலும் பஸ்ஸிலும் போனேன். மெற்றில்டா பொரித்துத் தந்த முப்பது றோல்ஸ் கையில். மச்சானின் மட்டைகள் கொட்டிலில் துடைத்து அடுக்கப்பட்டிருந்தன. கிளப் உறுப்பினராகக் கம்பிவேலி திருத்திக்கொண்டிருந்த மொய்ராவிடம் நன்றி சொல்லிப் பொதியை நீட்டினேன். அவர் ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்துவிட்டு, மிச்சக் குழிகளை முடித்துவிட்டுப் போ என்றார். அக்காவும் தங்கையும் கூடவே ஆடினார்கள். நாலு அடியில் பந்தை விழுத்த வேண்டிய கடைசிக் குழிக்கு எனக்குப் பதினொரு அடி.

போக நினைப்பவர்களுக்கு: ஒக்டோபரில் கொசுத்தொல்லை இல்லை, மழை உண்டு. சில்லறைப் பவுண் கொண்டுபோங்கள், பெட்டி மிச்சம் தராது. ஆடுவதற்கு முன் தொலைபேசி எங்கே என்று பாருங்கள். நாற்பது தாண்டியவர்கள் டொக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள். மச்சான் மூன்று மாதமாக நெஞ்செரிவு என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

காரோடு திரும்பிய அன்று பின்னேரம் ஆசுப்பத்திரிக்குப் போய் என் பதினொரு அடியைச் சொன்னேன். மச்சான் சிரிக்கத் தொடங்கினார். நோகுது, நோகுது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டும் நிறுத்தவில்லை. தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னார். நான் கதவுக்கு வெளியே நின்று, அந்தச் சிரிப்பு ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.