மூட முடியாத மீன் தொட்டி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஓசூரில் பதினோரு வருடம் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தவன், காரணம் இல்லாமல் எதுவும் தானாக நகராது என்பதுதான் என் சாமி. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லும்போது எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்து ஆறு என்று நினைக்கிறேன். என்னோடு வேலை பார்த்த முனிராஜ், வேப்பனப்பள்ளிக்காரன், எங்கள் வீட்டுக்கு ஒரு மீன் தொட்டி கொண்டுவந்து வைத்தான். மேல்மூடியையும் அவனே பிளைவுட்டில் அடித்தான், உள்ளே இரண்டு டியூப்லைட் மாட்டுகிற மாதிரி.

"அண்ணா, டியூப்லைட் சோக்க உள்ள வெச்சி மூடிடாத. சூடு தண்ணியில எறங்கி மீனுங்க செத்துப்பூடும். சூட்ட வெளிய தள்ள கம்ப்யூட்டர் பேன் ஒண்ணு வாங்கியாறன், நானே மாட்டித் தறன்."

வாங்கி வரவில்லை. அந்த வாரம் கம்பெனியில் ஒரு கரண்ட் பேனலின் கூலிங் பேன் நின்றுபோயிருந்தது. முனிராஜ் பேனல் கதவைத் திறந்துவைத்து, ஸ்டாண்டு பேனைத் திருப்பி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள், அசிங்கமாக இருக்கிறது, கதவை மூடு என்றார் மேனேஜர். முனிராஜ் முடியாது என்றான். மூடியது நான். என் கையால்தான் மூடினேன். ஒரு மணி நேரத்தில் உள்ளே வெடித்தது, பக்கத்தில் நின்றவன் முனிராஜ். ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தான், அவ்வளவுதான்.

அவன் காரியம் முடிந்த அடுத்த ஞாயிறு, தொட்டி இருட்டாகவே கிடக்கிறதே என்று என் மனைவி செல்வி சொன்னாள். யார் மேல் என்று தெரியாத ஒரு கோபத்தில் லைட்டை மாட்டினேன், சோக்கையும் உள்ளேயே திருகி மூடினேன். பேனும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பகல் பதினோரு மணி இருக்கும். டீ குடித்துவிட்டு வந்தால், மூடி நாலு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"ஏன்டி தொறந்த?"

"நானு சமையக்கட்டுல இருக்கறன், எனக்கு வேற வேல இல்லயா?"

கீல் இறுக்கம் என்று நினைத்து மூடினேன். கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே உயரம். ஆத்திரத்தில் டூல்பாக்ஸைத் தூக்கி மேலே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் டூல்பாக்ஸ் தரையில் நேராக உட்கார்ந்திருக்கிறது, மூடி திறந்திருக்கிறது. விழுந்த சத்தம் செல்விக்கும் கேட்கவில்லை. இரண்டு கையையும் வைத்து அமுக்கினேன். நம்பினால் நம்புங்கள், அது மெதுவாக, ஒரு ஆள் அடியிலிருந்து தாங்குகிற மாதிரி, என் கையோடு சேர்ந்து மேலே வந்தது.

"மீனுக்குன்னா மட்டும் தொறக்கத் தெரியுதா? அன்னிக்கி நான் மூடுன பேனல் கதவ ஏன்டா தொறக்கல?" என்று தொட்டியைப் பார்த்துக் கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் பெல் அடித்தது.

கம்பெனிக்குப் புதிதாக வந்திருந்த எச்.ஆர். ஆபீசர், பெங்களூர்க்காரர். முனிராஜை அவர் பார்த்ததே இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார், கையில் ஒரு தாள் வைத்திருந்தார். பேனலின் கூலிங் பேன் நன்றாகத்தான் ஓடியது, முனிராஜ் கவனக்குறைவாகத் தொட்டுவிட்டான் என்று அதில் எழுதியிருந்தது. நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ஸ்வல்ப, கொஞ்சம் யோசனை பண்ணுங்க சார். போனவருக்கு இனிமே என்ன ஆகப்போகுது? உங்களுக்குக் குடும்பம் இருக்குது."

அவர் கண் முன்னாலேயே தாளைக் கிழித்தேன். "பேன் ஓடல. கதவ மூடச் சொன்னது உங்க மேனேஜரு, மூடுனது நானு. அத எழுதியாங்க, கையெழுத்து போடறன்."

அவர் என் தோளுக்குப் பின்னால் தொட்டிப் பக்கம் பார்த்தார். எழுந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"உங்க வீட்டு விஷயம், நான் கேக்கக் கூடாது. அவரு எவ்ளோ நேரமா அந்த மூடியத் தூக்கிப் புடிச்சிட்டு நிக்கறாரு, கை வலிக்காதா?"

திரும்பினேன். அங்கே யாரும் இல்லை, மூடி மட்டும் திறந்து நின்றது.

"எந்தப் பக்கம் பாத்துட்டு நிக்கறாரு?" அதை எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"உங்களத்தான் சார். நான் வந்ததுல இருந்து உங்களயேதான் பாக்கறாரு."

மறுநாள் சோக்கை வெளியே எடுத்தேன், பேன் வாங்கி மாட்டினேன், அதற்கப்புறம் மூடி தானாகத் திறக்கவே இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன், அந்த மாதமே வேலை போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. முனிராஜ் என்னைக் கோபமாகப் பார்த்தானா, சும்மா பார்த்தானா என்று அந்த மனிதரிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, தெரியாது.