வடக்குத் தெருவுக்கு வந்த சப்பரம்

ஒரே மாலையில் நான் மூன்று வீட்டுக்குப் பிள்ளையாக இருந்திருக்கிறேன். மூன்று வாசலிலும் சாமியார் என் நெற்றியில் சிலுவை போட்டார். எல்லாம் என் பெரியம்மாவால் வந்தது.

எங்கள் ஊர் மணப்பாட்டுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டியது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்ததும் ஆண்கள் வலையை வைத்துவிட்டு அங்கே வேலைக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டார்கள். எங்கள் வடக்குத் தெருவில் பாதி வீட்டுக்கு மேல் பூட்டுத் தொங்கியது. ரேடியோவோ நாட்டில் ஜனத்தொகை பெருத்துவிட்டது, இரண்டு பிள்ளை போதும் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

"அம்புட்டு சனமும் எங்கன இருக்காவளாம்? இங்கன தண்ணிக் குடத்துக்குச் சண்டை போடக்கூட ஆளக் காணோம்" என்பாள் பெரியம்மா. சண்டை அவளுக்குச் சோறு மாதிரி. அம்மாவின் அக்கா அவள். பெரியப்பா இறந்தபின் தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். அவளுடைய ஒரே மகனும் துறைமுகத்தில்தான் இருந்தான்.

மாதா திருநாளன்று, மாதா சொரூபத்தை வைத்துத் தோளில் தூக்கிவரும் சப்பரம் எல்லாத் தெருவுக்கும் வரும். வாசலில் மெழுகுதிரி எரிகிற வீட்டின் முன்னால் நிற்கும். வீட்டார் உப்பும் மிளகும் போட்டுக் கும்பிடுவார்கள். அந்த வருடம் தூக்குவதற்குத் தோள் போதாது, வடக்குத் தெருவில் நிற்பதற்குப் போதிய வீடும் கிடையாது, தெருமுனைக் கிணற்றடியிலேயே திரும்பிவிடலாம் என்று கோயில் கமிட்டியில் முடிவு செய்தார்கள். பெரியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டாள். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் ஓடினேன்.

"பூட்டுன வீட்டுக்கு மாதா எதுக்குக்கா வரணும்?" என்று கேட்டார் கமிட்டித் தலைவர்.

"வாசல்ல திரி எரிஞ்சா நிப்பியளா, மாட்டியளா?"

"எரிஞ்சா நிக்கத்தான செய்யணும்" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

திருநாளன்று பெரியம்மா என்னையும் தம்பியையும் சித்தி பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தினாள். ஆளுக்கு ஒரு கட்டு மெழுகுதிரி, மடியில் உப்பும் மிளகும். பூட்டிய வீட்டு வாசலிலெல்லாம் திரியை ஏற்றிவிட்டு, ஆளுக்கு ஒரு வாசலில் நிற்க வேண்டும். சப்பரம் நகர்ந்ததும் கொல்லை வழியாக ஓடி அடுத்த பூட்டிய வீட்டில் நிற்க வேண்டும். "யாராவது பல்லக் காட்டுனிய, தோல உரிச்சிருவேன்."

வெயில் தாழ்ந்தபோது மேளம் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. கடல்காற்றில் திரி அணையாமலிருக்க எல்லா வாசலிலும் தேங்காய்ச் சிரட்டைக்குள் நட்டு வைத்திருந்தோம். தெரு முழுக்க வெளிச்சத்தைப் பார்த்த கமிட்டித் தலைவரின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. சொன்ன சொல்லுக்கு அவர் ஒவ்வொரு வாசலிலும் சப்பரத்தை நிறுத்தினார். மூன்றாவது வாசலில், மூச்சிரைக்க, காலில் நெருஞ்சி முள்ளோடு நின்ற என்னைச் சாமியார் உற்றுப் பார்த்தார்.

"நீ எந்த வீட்டுப் பிள்ளம்மா?"

"இந்த வீட்டுப் பிள்ளைதான் சாமி."

"அப்போ அந்த வீட்டுல நின்னது?"

"அந்த வீட்டுப் பிள்ளையும்தான் சாமி."

மேளக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். சாமியார் இருமிக்கொண்டே இன்னொரு சிலுவை போட்டார். தூக்கியவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். "ஏலே, இந்தத் தெரு முடியவே செய்யாதா?" என்று ஒருவர் முனகினார். லீவில் வந்திருந்த பெரியம்மாவின் மகனும் ஒரு முனையைத் தாங்கியிருந்தான்; அவன் தோள் கன்றிச் சிவந்திருந்தது.

கடைசியாகப் பெரியம்மா வீட்டு வாசல். அவள் உப்புப் போடவில்லை. சப்பரத்தின் காலை இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியை அதில் வைத்துக்கொண்டு நின்றாள். மேளம் ஒருமுறை வாசித்து முடித்து மறுபடியும் தொடங்கியது. தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு காத்து நின்றார்கள். நிமிர்ந்தபோது முகமெல்லாம் கண்ணீர். ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது.

சப்பரம் போனதும் எங்களை உள்ளே கூப்பிட்டு, கை நிறையக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்தாள். வீட்டுக்குள் கட்டில் இல்லை, பெட்டி இல்லை, ஆட்டுரலைக்கூடக் காணோம். எல்லாம் முந்தின நாளே லாரியில் தூத்துக்குடிக்குப் போயிருந்தன; மறுநாள் காலை பஸ்ஸில் மகனோடு அவளும் போகிறாள். பெரியவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. அவள் அத்தனை சண்டை போட்டது தெருவில் இருப்பதற்காக அல்ல, தன் வாசலில் வைத்து மாதாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்வதற்காக. அதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரிந்தது? தடுக்கி விழ ஒரு சாமான் இல்லாத அந்த வீட்டில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஓடிப் பிடித்து விளையாடினோம்.

"பெரியம்மா, இனிமே தினமும் இங்கனயே வந்து விளையாடட்டுமா?" என்று கேட்டேன்.

"அதுக்கென்னளா, வந்து விளையாடுங்க" என்றாள்.