அண்ணனுக்கு ஒரு சட்டை

எங்கள் தையல் கடையில் அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது எல்லாம் நான். கல்லாவில் உட்கார்ந்திருப்பது அண்ணன். நான் குனிந்து ஊசியில் நூல் கோக்கும் நேரம் பார்த்து, தலையில் நங்கென்று குட்டுவான். கடைக்கு ஆள் வந்துவிட்டால் அவன் கை இன்னும் துறுதுறுக்கும். நாற்பது வயதாகியும் எனக்கு அந்தக் குட்டு நிற்கவில்லை.

போன வாரம் ஜூடோ வகுப்பில் பெயர் கொடுத்தேன். "சட்டையைப் பிடிச்சு ஆளைத் தூக்கிப் போடுறதுதாம்மா இதுல வித்தையே. பழகுறதுக்கு ஜோடியா யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார் மாஸ்டர்.

அண்ணனிடம் குழைந்தேன். "தனியா போக பயமா இருக்குண்ணா. நீயும் வாயேன்."

"உன் மூஞ்சிக்கு ஜூடோவா?" என்று ஒரு குட்டு வைத்தான். "சரி, வந்து தொலைக்கிறேன். எனக்கும் ஒரு சட்டை தை."

இன்று மாலை முதல் வகுப்பு. என் சட்டையை ஏனோதானோவென்று முடித்துவிட்டேன். அவன் சட்டையின் காலருக்குத்தான் இரட்டை நூலில் தையல்மேல் தையலாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடுபடுறே?" என்று அண்ணன் பூரித்துப்போனான்.

"எத்தனை தடவை இழுத்தாலும் கிழியக் கூடாதில்லண்ணா" என்று சொல்லிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.