வேட்டி மூடிய படம்

கணவர் இறந்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை. டென்மார்க்கில், நாங்கள் இருக்கும் பிரெடெரிசியா ஊர்த் தமிழர்கள் எல்லாரும் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார்கள். நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன். "கல்லு மாதிரி நிக்கிறாள்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. உண்மைதான். விறைத்துப்போன கையை மற்றக் கையால் தூக்கி வைப்போமே, அப்படித்தான் என்னை நானே தூக்கி நடத்திக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை வந்தபோது அவருடைய தங்கைக்கு ஒரே கவலை, வாசலுக்கு நேரே சுவரில் தொங்கும் படம். பழைய சாமான் சந்தையில் அவர் வாங்கிவந்தது. ராசாக்கள் காலத்து ஆங்கிலேயக் கேலிச்சித்திரம் ஒன்றின் பிரதி. அரண்மனை வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மந்திரி குனிந்து நிற்கிறார், காற்சட்டை முழங்காலுக்குக் கீழே. பதவி கேட்டு வந்தவர்கள் வரிசையில் நின்று அவருடைய பின்பக்கத்தை முத்தமிடுகிறார்கள். அந்தக் காலத்தில் இப்படியான படங்களைக் கடை ஜன்னலில் தொங்கவிடுவார்களாம், தெருவே நின்று சிரிக்குமாம். ஊர்த் தமிழ்ச் சங்கக் கூட்டம் முடிந்து வரும்போதெல்லாம் என் கணவரும் அதன்முன் நின்று, "எங்கடை ஆக்களை அப்பவே கீறி வைச்சிருக்கிறான், பாரும்" என்று கண்ணில் நீர் வரச் சிரிப்பார். எனக்கு அந்தப் படம் பிடிக்காது. அவர் சிரிப்பதற்காக விட்டுவைத்திருந்தேன்.

"ஐயர் வாற வீட்டிலை இதென்ன குண்டிப் படம்!" என்று தங்கை கழற்றப் பார்த்தாள். என் கணவர் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார், அசையவில்லை. அது அப்பாவின் படம், இருக்கட்டும் என்று மகள் டேனிஷில் சொன்னாள். தங்கை கேட்கவில்லை. அவருடைய வெள்ளை வேட்டி ஒன்றால் படத்தை மூடினாள். இரவல் வாங்கிய குத்துவிளக்கு ஒன்று மிஞ்சிக் கிடந்தது. யாருடைய காலிலும் தட்டுப்படாமல் அதையும் படத்தின் கீழே ஒதுக்கி வைத்தாள். அவருடைய புகைப்படம் மாலையோடு உள்ளறையில் இருந்தது.

சங்கத் தலைவர் பெரிய மாலையோடு பிந்தி வந்தார். நினைவு நிகழ்வுகளில் இறந்தவரின் படத்தைத் திரைநீக்கம் செய்து மாலை போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். இந்த ஊரில் அதை எப்போதும் தலைவர்தான் செய்வார். வெள்ளைத் துணியையும் விளக்கையும் கண்டதும், தனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றினார். கும்பிட்டார். வேட்டியை மெதுவாக இழுத்து, குனிந்த தலை குனிந்தபடியே மாலையையும் போட்டார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

மந்திரியின் பின்பக்கம் மாலைக்கு நடுவில் இருந்தது.

நான் சட்டென்று குசினிப் பக்கம், என் கணவர் வழக்கமாகச் சாப்பிடும் இடத்தை நோக்கித் திரும்பினேன், இவர் சிரிக்கிறாரா என்று பார்க்க. இவருடைய கதிரையில் யாரோ குளிர்க்கோட்டைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அப்படியே நிலத்தில் குந்தியிருந்து சத்தம் போட்டு அழுதேன். தங்கை ஓடிவந்து பிடித்தாள்.

"அழாதேங்கோ அண்ணி, தலைவர் ஒண்டும் நினைக்கமாட்டார்" என்றாள்.

இதை இவரிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அழுகை இன்னும் கூடியது.